மூலைத் தூணின் சிக்கல்

உயரமான தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலைமீது நீண்ட கல் உத்திரம். அதற்கும் மேலே முக்கோண வடிவில் ஒரு முகப்பு. இத்தகைய கட்டடம் ஒன்றை நேரிலோ படத்திலோ நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியம், வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றம், சென்னையில் 1802ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ராஜாஜி மண்டபம் ஆகிய யாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இக்குடும்பத்தின் தாய்வீடு பண்டைய கிரேக்க நாடு. ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே கோயில் கட்டிய சிற்பிகள் வகுத்த முறைதான் பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது.

இந்தத் தூண்கள் வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல இவற்றுக்கும் இலக்கணம் உண்டு. தூணின் அடிப்பருமன் இவ்வளவு என்றால் உயரம் இவ்வளவு, அதன் மேலுள்ள உத்திரம் இவ்வளவு, அதில் வரும் செதுக்கு வேலை இன்னது என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. அவ்விதிகளையும் அவற்றுக்குரிய பெயர்களையும் முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு, அந்த இலக்கணமே தடுமாறிய ஓர் இடத்துக்குப் போவோம். அது கோயிலின் மூலை.

தூண் ஒழுங்கு

தூணையும் அது தாங்கும் மேற்பகுதியையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கருதி, அதனை ஐரோப்பியர் ‘ஆர்டர்’ என்று அழைத்தனர். நாம் அதைத் ‘தூண் ஒழுங்கு’ என்று சொல்லலாம். கிரேக்கர் கண்ட ஒழுங்குகள் மூன்று: டோரிக், அயோனிக், கொரிந்தியன். பின்னர் ரோமானியர் வழியாக டஸ்கன், காம்போசிட் என்ற இரண்டும் சேர்ந்து ஐந்தாயின.

இந்த ஒழுங்குகளின் அளவுகோல் அடியோ மீட்டரோ அன்று. தூணின் அடிப்பகுதி விட்டமே அளவுகோல். ‘இத்தூண் ஆறு விட்ட உயரம்’ என்றால், அடிவிட்டத்தைப் போல் ஆறு மடங்கு உயரம் என்று பொருள். ஆகவே சிறிய மண்டபமானாலும் பெரிய கோயிலானாலும் விகிதம் மாறாமல் காக்க முடிந்தது.

அடி முதல் முடி வரை

கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவோம். தூண்கள் நிற்கும் மேல்படிக்கு ஸ்டைலோபேட் என்று பெயர். அதன்மேல் தூணின் உடல். உடலில் மேலிருந்து கீழாகக் குழிவான வரிகள் ஓடும். உடலுக்கு மேலே இருப்பது தலை. இதனைக் கேபிடல் என்பர். இச்சொல், தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

டோரிக் தூணின் தலையில் இரண்டு உறுப்புகள் உள்ளன. கிண்ணம்போல் விரியும் வட்டக் கல் எகைனஸ் எனப்படும். கடல் முள்ளெலிக்குக் கிரேக்க மொழியில் அதுதான் பெயர். வடிவ ஒற்றுமையால் வந்த பெயர் இது. அதன்மேல் சதுரமான ஒரு தட்டைக் கல், இது அபாகஸ். நம் சிற்ப நூல்களும் தூணின் தலையில் வரும் இத்தகைய சதுரக் கல்லைப் ‘பலகை’ என்றே கூறுகின்றன.

தலைக்கு மேலுள்ள பகுதி முழுவதற்கும் எண்டாப்ளேச்சர் என்று பெயர். இது மூன்று அடுக்குகள் கொண்டது. தூணுக்குத் தூண் பாலமாகக் கிடக்கும் முதன்மை உத்திரம் ஆர்க்கிட்ரேவ். அதன்மேல் சிற்பம் வரும் பட்டை ஃபிரீஸ். யாவற்றுக்கும் மேலாக, மழைநீரைச் சுவரில் படாமல் அப்பால் விழச் செய்ய வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு கார்னிஸ். கட்டடத்தின் முன்னும் பின்னும் அதன்மேல் எழும் முக்கோண முகப்பு பெடிமென்ட்.

தூணின் தலை ஏன் விரிந்திருக்கிறது? இதில் ஒரு பௌதிக உண்மை இருக்கிறது. கல் பெரும் அழுத்தத்தையும் தாங்கும். ஆனால் இழுத்தால் எளிதில் விரிந்துவிடும். இரு தூண்களின்மேல் கிடக்கும் உத்திரம் தன் பாரத்தாலேயே சற்று வளைய முயல்கிறது. அப்போது அதன் மேற்பக்கம் அழுத்தப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. இடைவெளி கூடினால் கீழ்ப்பக்கத்தில் விரிசல் காணும். ஆகவேதான் கிரேக்கக் கோயில்களில் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. விரிந்த தலையும் உத்திரம் தாங்கலின்றிக் கிடக்கும் நீளத்தை ஓரளவு குறைக்கிறது.

மரத்தின் நினைவு

மூன்று ஒழுங்குகளிலும் எளிமையானது டோரிக். இதன் தூணுக்கு அடிப்பீடம் இல்லை; நேரே மேல்படியில் நிற்கும். உடலில் பெரும்பாலும் 20 குழிவரிகள் இருக்கும். அடுத்தடுத்த குழிகள் சந்திக்கும் இடம் கூர்மையாக இருக்கும்.

டோரிக் ஒழுங்கின் தனி அடையாளம் அதன் ஃபிரீஸில் உள்ளது. அங்கே இருவகைக் கற்கள் மாறிமாறி வரும். நெட்டுக்குத்தான வரிகள் கொண்டது டிரைகிளிஃப்; அதற்கு ‘மூன்று செதுக்கு’ என்று பொருள். எண்ணிப் பார்த்தால் நடுவில் முழு வரிகள் இரண்டே இருக்கும். இரு ஓரங்களிலும் உள்ள அரை வரிகளைச் சேர்த்தால்தான் கணக்கு மூன்றாகும்! இரு டிரைகிளிஃப்களுக்கு இடையிலுள்ள சதுரக் கல் மெட்டோப். இதில் பெரும்பாலும் சிற்பம் செதுக்குவார்கள்.

இவை எங்கிருந்து வந்தன? கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதற்கு விடை கூறினார். கட்டடக் கலை பற்றி அவர் எழுதிய பத்துப் பகுதிகள் கொண்ட நூல் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. ஆதியில் கோயில்கள் மரத்தால் கட்டப்பட்டன. விட்டங்களின் வெட்டுமுனைகளை மறைக்கத் தச்சர்கள் பலகை அடித்தனர். அதுவே கல்லில் டிரைகிளிஃப் ஆயிற்று என்பது அவர் விளக்கம். மெட்டோப் என்ற சொல்லுக்கே ‘துளைகளுக்கு இடைப்பட்டது’ என்றுதான் பொருள்; விட்ட முனைகள் நுழையும் துளைகளையே அது குறிக்கிறது. டிரைகிளிஃபின் அடியில் சிறு சிறு கல் குமிழ்கள் தொங்கும். அவற்றைப் பார்த்தால் மர ஆணிகளின் நினைவு வரும்.

இதற்குத் துணையாக ஒரு சான்றும் உண்டு. ஒலிம்பியாவில் கி.மு. 600ஐ ஒட்டி எழுந்த ஹீரா கோயிலின் தூண்கள் முதலில் மரத்தால் ஆனவை. அவை ஒவ்வொன்றாகக் கல் தூண்களாக மாற்றப்பட்டன. மாற்றிய காலங்கள் வேறுவேறு ஆதலால் அத்தூண்களின் தலைகளும் வேறுவேறாக உள்ளன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பயண நூலாசிரியர் பௌசானியாஸ், ஓக் மரத் தூண் ஒன்று அப்போதும் நின்றதைக் குறித்து வைத்தார்.

ஆயினும் விட்ருவியஸின் விளக்கத்தை அறிஞர் எல்லாரும் முழுமையாக ஏற்கவில்லை. டிரைகிளிஃப்கள் கோயிலின் நான்கு பக்கங்களிலும் ஒரே மட்டத்தில் வருகின்றன. நீளவாக்கிலும் குறுக்கிலும் செல்லும் விட்டங்கள் ஒரே மட்டத்தில் எப்படி ஒன்றையொன்று கடந்து செல்லும்? ஒரு விளக்கம் அழகாக இருப்பதாலேயே அது முழு உண்மை ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரு விதிகளின் மோதல்

இனி மூலைக்கு வருவோம். டோரிக் ஃபிரீஸுக்கு இரண்டு முக்கிய விதிகள் இருந்தன.

முதல் விதி: ஒவ்வொரு தூணின் நடுக்கோட்டுக்கும் நேர் மேலே ஒரு டிரைகிளிஃப் வரவேண்டும்; இரு தூண்களுக்கு நடுவிலும் ஒன்று வரவேண்டும்.

இரண்டாம் விதி: ஃபிரீஸின் கோடியில், அதாவது மூலையில், ஒரு டிரைகிளிஃப் வந்து முடியவேண்டும். அப்போதுதான் மூலை உறுதியாகத் தோன்றும்.

கேட்கும்போது இரண்டும் எளியவை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உத்திரத்தின் கனம் 180 செ.மீ., டிரைகிளிஃபின் அகலம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூலைத் தூணின் நடுக்கோட்டிலிருந்து உத்திரத்தின் கோடி 90 செ.மீ. தள்ளி இருக்கும். முதல் விதிப்படி டிரைகிளிஃபைத் தூணின் நடுவில் வைத்தால், அது நடுக்கோட்டிலிருந்து 40 செ.மீ. தூரமே எட்டும். மூலையில் 50 செ.மீ. வெறுமையாக நிற்கும். இரண்டாம் விதிப்படி மூலைக்கே தள்ளி வைத்தால், அது தூணின் நடுவைவிட்டு 50 செ.மீ. விலகிவிடும், அதற்கு முந்தைய மெட்டோப்பும் மற்றவற்றைவிட அகலமாகிவிடும். உத்திரத்தின் கனமும் டிரைகிளிஃபின் அகலமும் சமமாக இருந்தால் மட்டுமே இரு விதிகளும் ஒத்துப்போகும். அவ்வளவு மெல்லிய உத்திரம் கோயிலின் பாரத்தைத் தாங்காது. எனவே எவ்வளவு திறமையுள்ள சிற்பியானாலும் இந்த மோதலிலிருந்து தப்ப முடியாது.

பார்த்தினான் காட்டிய வழி

ஏதென்ஸ் நகரின் குன்றின்மேல் நிற்கும் பார்த்தினான் கோயில் கி.மு. 447 முதல் 432 வரை கட்டப்பட்டது. இக்டினஸ், காலிகிராட்டிஸ் என்பவர்கள் அதன் கட்டடக் கலைஞர்கள். முகப்பில் 8 தூண்கள், பக்கவாட்டில் 17 தூண்கள். மூலைத் தூண்களை இருமுறை எண்ணாமல் கூட்டினால் வெளித் தூண்கள் 46. தூணின் உயரம் 10.43 மீட்டர், அடிவிட்டம் ஏறத்தாழ 1.9 மீட்டர். வகுத்துப் பாருங்கள், உயரம் சுமார் ஐந்தரை விட்டம் வரும்.

மேல்படியின் அகலம் 30.88 மீட்டர், நீளம் 69.5 மீட்டர். இதன் விகிதம் 4:9. தூணின் அடிவிட்டத்துக்கும், தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடு வரை உள்ள 4.29 மீட்டர் தூரத்துக்கும் இதே விகிதம். தூணும் எண்டாப்ளேச்சரும் சேர்ந்த 13.72 மீட்டர் உயரத்துக்கும் கோயிலின் அகலத்துக்கும்கூட இதே விகிதந்தான். இவ்வளவு கணக்காகக் கட்டியவர்கள் மூலையில் என்ன செய்தார்கள்?

அவர்கள் டிரைகிளிஃபை மூலையிலேயே வைத்தார்கள். அதற்கு ஈடாக, மூலைத் தூணை உள்ளே நகர்த்தினார்கள். மற்ற இடங்களில் 4.29 மீட்டராக உள்ள தூரம் மூலையில் மட்டும் ஏறத்தாழ 3.7 மீட்டர்தான். அதாவது ஃபிரீஸில் தெரியக்கூடிய கோணலைத் தூண் இடைவெளியில் வாங்கிக்கொண்டார்கள். கீழே நிற்பவர் கண்ணுக்கு அந்த நெருக்கம் குறையாகத் தோன்றாமல், மூலைக்கு வலிமை தருவதாகத் தோன்றுகிறது.

அதோடு மூலைத் தூண்களை மற்றவற்றைவிடச் சற்றுப் பருமனாகவும் அமைத்தார்கள். மூலைத் தூணுக்குப் பின்னால் வெளிச்சமான வானமே தெரிவதால் அது மெலிந்து தோன்றும். அதை ஈடுசெய்யவே பருமனைக் கூட்ட வேண்டும் என்று விட்ருவியஸ் காரணம் கூறுகிறார். தூண்கள் யாவும் மிகச் சிறிதளவு உட்புறம் சாய்ந்துள்ளன. தூணின் உடல் நேர்கோட்டில் மெலியாமல், நடுவில் இலேசாகப் புடைத்து மெலிகிறது. இப்புடைப்பை என்டாசிஸ் என்பர். பார்த்தினானில் இது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு.

மனம் மாறிய ஹெர்மோஜெனிஸ்

எல்லாரும் இந்தத் தீர்வில் மன அமைதி அடையவில்லை. கி.மு. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஹெர்மோஜெனிஸ் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், டயோனிசஸ் கடவுளுக்கு டோரிக் கோயில் கட்டச் சலவைக்கல்லைத் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் மனம் மாறி, அதே கல்லைக் கொண்டு அயோனிக் கோயிலைக் கட்டினார் என்று விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். டோரிக் அழகற்றது என்பது அவருடைய குறையன்று. டிரைகிளிஃப்களைச் சீராகப் பங்கிட முடியவில்லை என்பதுதான் குறை. ஒரு மூலைக் கணக்கு ஒரு கோயிலின் வடிவத்தையே மாற்றிவிட்டது!

அவர் தேர்ந்த அயோனிக் ஒழுங்கு, இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலிருந்த அயோனியா பகுதியில் வளர்ந்தது. இத்தூண் மெலிந்தது, அடிப்பீடம் உடையது. உடலில் பெரும்பாலும் 24 குழிவரிகள். இரு குழிகளுக்கு நடுவே கூர்விளிம்புக்குப் பதிலாகத் தட்டையான சிறு பட்டை இருக்கும். தலையில் இருபுறமும் சுருள்கள். இவற்றுக்கு வோல்யூட் என்று பெயர். ஃபிரீஸில் டிரைகிளிஃப் கிடையாது. ஆகவே அங்கே மோதலும் கிடையாது.

அப்படியானால் அயோனிக்குக்கு மூலைச் சிக்கலே இல்லையா? உண்டு, அது வேறு விதமானது. அயோனிக் தலையை முன்னால் நின்று பார்த்தால் இரண்டு சுருள்கள் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தால் சுருள் தெரியாது. படுக்க வைத்த திண்டு ஒன்றுபோலத் தெரியும். வரிசையின் நடுவிலுள்ள தூணுக்கு இதனால் தொல்லை இல்லை. ஆனால் மூலைத் தூண் இரண்டு பக்கங்களுக்கும் முகம் காட்ட வேண்டுமே! சிற்பிகள் மூலைச் சுருளை 45 பாகை திருப்பி வெளியே நீட்டினார்கள். அந்த ஒரே சுருள் இரு பக்கங்களுக்கும் பொதுவாயிற்று. ஏதென்ஸ் குன்றின்மேலேயே உள்ள அதீனா நைக்கி கோயிலில் இத்தகைய மூலைத் தூணைக் காணலாம்.

நான்கு பக்கமும் ஒரே முகம்

கொரிந்தியன் தூணின் தலை வாய் மேல்நோக்கிய மணி போன்றது. அதைச் சுற்றி அகாந்தஸ் என்ற செடியின் இலைகள் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கும். இதன் பிறப்புப் பற்றி விட்ருவியஸ் ஒரு கதை சொல்கிறார். கொரிந்து நகரில் இளம்பெண் ஒருத்தி இறந்துபோனாள். அவளை வளர்த்த தாதி, அவள் விரும்பிய பொருள்களை ஒரு கூடையிலிட்டுக் கல்லறைமேல் வைத்து, ஓர் ஓட்டினால் மூடினாள். கூடையின் அடியில் ஓர் அகாந்தஸ் வேர் இருந்தது. வசந்தத்தில் இலைகள் கூடையைச் சுற்றி வளர்ந்து, ஓட்டின் மூலைகளில் முட்டிச் சுருண்டன. அவ்வழியே வந்த சிற்பி காலிமாக்கஸ் அந்த அழகைக் கல்லில் வடித்தாராம். இது கதைதான். ஆயினும் கொரிந்தியன் தலையின் உறுப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

இத்தலையை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே தோற்றந்தான். ஆகவே மூலையிலும் நடுவிலும் ஒரே வடிவத் தூணை நிறுத்தலாம். நமக்குக் கிடைத்துள்ள கொரிந்தியன் தூண்களில் மிகப் பழையது பாசே என்னும் இடத்திலுள்ள அப்பல்லோ கோயிலின் உள்ளே இருந்தது. ஏதென்ஸிலுள்ள ஒலிம்பிய சூஸ் கோயிலில் இத்தூண்கள் 17 மீட்டர் உயரம் உடையவை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிய அக்கோயில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில்தான் முடிந்தது. அங்கிருந்த 104 தூண்களில் இன்று நிற்பவை 15. ஒன்று 1852ஆம் ஆண்டுப் புயலில் விழுந்து, துண்டு துண்டாக அங்கேயே கிடக்கிறது.

ஐந்தையும் வரைவோம்

ரோமானியர் கையில் ஒழுங்குகளின் வேலை மாறியது. வளைவுகளும் கனத்த சுவர்களும் பாரத்தைத் தாங்கின. தூண்கள் பல இடங்களில் சுவரோடு ஒட்டிய அரைத் தூண்களாயின. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்தில் கீழ்த்தளத்தில் டஸ்கன் சாயலுள்ள டோரிக், இரண்டாம் தளத்தில் அயோனிக், மூன்றாம் தளத்தில் கொரிந்தியன் என்று அடுக்கியிருப்பதைக் காணலாம். முட்டை வடிவான அக்கட்டடத்துக்கு மூலையே இல்லை! டஸ்கன் என்பது டோரிக்கைவிட எளியது, குழிவரிகள் இல்லாதது. காம்போசிட் என்பது அகாந்தஸ் இலைகளின்மேல் அயோனிக் சுருளையும் வைத்த கலப்பு.

ஐந்து ஒழுங்குகளுக்கும் அளவுகளைச் சுருக்கமாகத் தொகுத்தவர் இத்தாலியரான விக்னோலா. அவருடைய நூல் 1562இல் வெளிவந்தது. அவர் கணக்குப்படி தூணின் உயரம் டஸ்கனுக்கு 7 விட்டம், டோரிக்குக்கு 8, அயோனிக்குக்கு 9, மற்ற இரண்டுக்கும் 10. கிரேக்கரின் டோரிக் இதைவிடப் பருமன் என்பதைப் பார்த்தினானில் கண்டோம்.

விக்னோலாவின் முறையில் நீங்களே வரைந்து பாருங்கள். 20 செ.மீ. உயரமுள்ள கோடு ஒன்று போட்டு, அதை ஐந்து சம பாகமாக்குங்கள். மேல் பாகமாகிய 4 செ.மீ. எண்டாப்ளேச்சருக்கு, மீதி 16 செ.மீ. தூணுக்கு. இந்த 16ஐ 7ஆல் வகுத்தால் டஸ்கன் தூணின் அடிவிட்டம் சுமார் 2.3 செ.மீ.; 8ஆல் வகுத்தால் டோரிக்குக்கு 2 செ.மீ.; 9ஆல் வகுத்தால் அயோனிக்குக்குச் சுமார் 1.8 செ.மீ.; 10ஆல் வகுத்தால் மற்ற இரண்டுக்கும் 1.6 செ.மீ. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், உயரம் ஒன்றாக இருந்தும் தூண்கள் ஒன்றைவிட ஒன்று மெலிந்து போவது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்த முறை இத்தகைய கட்டடத்தின் முன் நிற்க நேர்ந்தால் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். தூணுக்கு அடிப்பீடம் உண்டா? உடலில் குழிவரிகள் உண்டா? தலையில் கிண்ணமா, சுருளா, இலையா? ஃபிரீஸில் டிரைகிளிஃப் வருகிறதா? சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் முகப்பில் அயோனிக் தூண்களையும், உள்ளே கொரிந்தியன் தூண்களையும் பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் விடை கண்டபின், மறக்காமல் மூலைக்கு நடந்து செல்லுங்கள். வரிசையின் நடுவில் விதியைப் பின்பற்றுவது எவருக்கும் எளிது. இரண்டு வரிசைகள் சந்திக்கும் மூலையில் அந்தச் சிற்பி எதை விட்டுக்கொடுத்தார், எதைக் காப்பாற்றினார் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.